கட்டுண்ட கையின் ஈகை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில், விற்பனைக்கு ஆகாமல் ஒதுக்கப்படும் காய்கனிகளும், வணிகர்கள் நன்கொடையாகத் தரும் உபரிச் சரக்கும், சிறைத் தோட்டங்களின் விளைச்சலும் சிறைவாசிகளின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டு, நறுக்கப்பட்டு, சில இடங்களில் உலர்த்தியோ டப்பாவில் அடைத்தோ பதப்படுத்தப்பட்டு, உணவு வங்கிகள் எனப்படும் அறநிறுவனக் கிடங்குகளின் வழியாக வறிய குடும்பங்களைச் சென்றடைகின்றன. இந்த ஏற்பாட்டில் உழவர் பொருளைத் தருகிறார், அறநிறுவனம் வண்டியையும் கிடங்கையும் தருகிறது, அரசு இடத்தையும் காவலையும் தருகிறது. சிறைவாசி தருவது உழைப்பு ஒன்றே, அதுவும் பல மாநிலங்களில் அவர் தர மறுத்தால் தண்டனைக்கு உள்ளாகக்கூடிய உழைப்பு. மறுக்க இயலாத ஒருவர் தருவதை ஈகை என்று அழைக்கலாமா, அழைக்கலாம் எனில் அதன் பயன் யாரைச் சேரும் என்ற கேள்வி சமயங்களின் அறநூல்களுக்குப் புதியதன்று. அடிமை, துறவி, மனைவி, கருவூலக் காப்பாளர் என்று பிறர் ஆணைக்குள் வாழ்ந்தவர்களைக் குறித்து அவை பல நூற்றாண்டுகளாக இதையே கேட்டுவந்துள்ளன.

கேள்வியைச் சரியாக வைப்பதற்கு, அந்த உழைப்பு எதற்குத் தேவைப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உணவு வங்கி என்ற அமைப்பு 1967இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய புனித மரியாள் உணவு வங்கியோடு உருப்பெற்றது. நல்லெண்ணத்துடன் உணவு வழங்குவோர் அதனால் வரக்கூடிய வழக்குகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று 1996இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பளித்தது. இருந்தும் அந்நாட்டு வேளாண் துறையின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் குடும்பங்களில் 13.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1.8 கோடி குடும்பங்கள், ஆண்டின் ஏதேனும் ஒரு பொழுதில் போதிய உணவு கிடைக்கும் என்ற உறுதியின்றி இருந்தன. பண்டம் இல்லாமையால் மட்டும் விளைந்த நிலை அன்று இது. பருவத்தில் ஒரே வாரத்தில் லாரி லாரியாக வந்திறங்கும் தக்காளி அடுத்த வாரம் அழுகிவிடும் என்பதும், அதற்குள் அதைப் பிரித்து, கழுவி, வேகவைத்து, அடைக்கக் கூலியாட்களை அமர்த்த அறநிறுவனங்களிடம் பணம் இருப்பதில்லை என்பதும் இந்த நிலையின் காரணங்களுள் அடங்கும். புளிப்புள்ள பண்டங்களை, அதாவது அமில காரக் குறியீடு 4.6க்குக் கீழ் உள்ளவற்றை, கொதிநீரில் வைத்தே அடைத்துவிடலாம். பயறு, சோளம், இறைச்சி போன்ற புளிப்புக் குறைந்தவற்றுக்கு அது போதாது, ஏனெனில் பாட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும், அவற்றை அழிக்க அழுத்தக் கலன்களில் 121 பாகை அளவுக்கு வெப்பம் ஏற்ற வேண்டும். தக்காளியோ இந்த எல்லைக்கோட்டின் மீதே நிற்கும் காய். எலுமிச்சைச் சாறு சேர்த்து அதன் புளிப்பை உறுதிசெய்துகொண்ட பிறகே அதைக் கொதிநீரில் அடைப்பார்கள். பதப்படுத்தல் இவ்வாறு கவனமும் பொறுமையும் பயிற்சியும் கேட்கும் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் கண்ணாடிக் குடுவைகளில் உணவை அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையைக் கண்டறிந்து 12,000 ஃபிராங்க் பரிசு பெற்றபோது, அந்தப் பரிசின் பின்னணியில் இருந்தது படைகளுக்கு உணவு கொண்டுசெல்லும் தேவை; ஏழையின் வயிறு அப்போது எவர் நினைவிலும் இல்லை.

ஆகவே உணவு வங்கிகளில் பற்றாக்குறையாக இருப்பது கைகள், சிறையில் மிகுதியாக இருப்பதும் கைகள். ஃபுளோரிடாவின் தென்கோடியில் ஹோம்ஸ்டெட் பகுதியில் 1991இல் தொடங்கிய ஃபார்ம் ஷேர் என்னும் அறநிறுவனம், வடிவமோ அளவோ பிசகியதால் சந்தை ஏற்காத காய்கறிகளைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்கு மாநிலச் சிறைவாசிகளைப் பயன்படுத்தியது இந்தச் சமன்பாட்டின் தெளிவான எடுத்துக்காட்டு. சமன்பாடு என்ற அளவில் இதில் குறை காண்பது கடினம். வீணாகவிருந்த உணவு பிழைக்கிறது, பசித்தவர் உண்கிறார், அறைக்குள் அடைபட்டிருந்தவர் பயனுள்ள ஒன்றைச் செய்கிறார்.

சட்டத்தின் பின்னணி இந்தத் தெளிவைக் கலைக்கிறது. 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோது, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய ஊழியத்தை மட்டும் விலக்காக விட்டுவைத்தது; அடுத்த சில ஆண்டுகளில் தென் மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைச் சிறு குற்றங்களுக்காகப் பிடித்துத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டதற்கு அந்த விலக்கே வழிவிட்டது. 1871இல் வர்ஜீனியா மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரஃபின் என்பவரின் வழக்கில், தண்டனைக் காலத்தில் சிறைவாசி அரசின் அடிமை என்று ஒளிவின்றியே எழுதியது. பின்னர் 1935இல் வந்த ஆஷர்ஸ்ட் சம்னர்ஸ் சட்டம், சிறையில் உற்பத்தியான பொருள்கள் மாநில எல்லை கடந்து சந்தையில் விற்கப்படுவதைத் தடுத்தது. வெளியிலுள்ள தொழிலாளரின் கூலியை அவை கீழே இழுக்கின்றன என்பது அதன் காரணம். அதே சட்டம் இப்போதுள்ள வடிவில் வேளாண் பண்டங்களுக்கும், அரசு அமைப்புகளுக்கும் இலாபநோக்கற்ற நிறுவனங்களுக்கும் ஆக்கப்படும் பொருள்களுக்கும் விலக்களிக்கிறது. சந்தையின் கதவு மூடியிருக்க அறத்தின் கதவு திறந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம், அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆயினும் கூலி கொடாத உழைப்பு வெட்கப்படாமல் நுழையக்கூடிய ஒரே வாசல் அறத்தின் வாசலாகிவிட்டது என்று படிப்பதற்கும் அந்த விலக்கு இடம்தருகிறது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியமும் சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, சிறைவாசிகளின் சராசரிக் கூலி மணிக்கு 13 முதல் 52 சென்ட் வரை என்றும், ஃபுளோரிடா, ஜார்ஜியா, டெக்சாஸ், அலபாமா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலியே இல்லை என்றும் கூறுகிறது. கொலராடோ 2018இலும், நெப்ராஸ்காவும் யூட்டாவும் 2020இலும் தத்தம் மாநில அரசியலமைப்பிலிருந்து தண்டனைக் கட்டாய ஊழியத்துக்கான விலக்கை நீக்கின. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2024இல் நீக்க மறுத்தார்கள்.

சமய நூல்களின் பக்கம் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது, உணவு வங்கி ஏற்பாட்டில் கொடுப்பவராக நிற்கும் சிறைவாசி அந்நூல்களில் பெறுபவராக இருக்கிறார் என்பதே. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின்போது அரசர் எண்ணிக் கேட்கும் கடமைகளின் வரிசையில் பசித்தவருக்கு உணவிடுவது முதலிலும், சிறையிலிருப்பவரைத் தேடிச் செல்வது இறுதியிலும் வருகின்றன. இருவரிடத்திலும் அவர் தம்மையே வைத்துப் பேசுகிறார். குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் நல்லோரைப் பற்றிச் சொல்லும்போது, ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்பவர்கள் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஒரே பட்டியலில் அருகருகே நிற்கும் இருவருள் ஒருவரை எழுப்பி மற்றவருக்கு உணவு சமைக்கச் சொல்வதே சிறைப் பதப்படுத்தல் திட்டம் என்று சுருக்கிச் சொன்னால் அது கடுமையாக ஒலிக்கும், ஆனால் பிழையாகாது. இப்படி எழுப்புவது சிறைவாசியின் நிலையை உயர்த்துவதாகவும் இருக்கலாம். பெற மட்டுமே தகுந்தவர் என்று கருதப்பட்டவர் தரத் தகுந்தவர் ஆகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத சட்ட அறிஞர் மைமோனிடீஸ், அறக்கொடையால் உயிர்வாழும் ஏழையும் தான் பெற்றதிலிருந்து பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று வகுத்தது இந்த மதிப்பைக் கருதியே. அவரே வேறோரிடத்தில், சிறைப்பட்டவரை மீட்பது ஏழைக்கு உணவும் உடையும் தருவதைக் காட்டிலும் முந்திய கடமை என்றும் எழுதினார்; சிறைப்பட்டவர் பசியும் தாகமும் உடையின்மையும் உயிர் ஆபத்தும் ஒருங்கே சுமப்பவர் என்பது அவர் காட்டும் காரணம். அவர் கருதியது கொள்ளையரும் பகைவரும் பிடித்துச் சென்றவர்களைத்தான், நீதிமன்றம் தண்டித்தவரை அன்று. அந்த வேறுபாடு பெரிது. எனினும் அவர் சொன்ன காரணம் உடலின் துன்பத்தைப் பற்றியது, அந்தத் துன்பத்துக்கு வழக்கின் நியாயம் தெரியாது.

விவிலியத்தில் சிறையையும் உணவுப் பாதுகாப்பையும் நேரடியாக இணைக்கும் கதை ஒன்று உண்டு. ஆதியாகமத்தின் யோசேப்பு பொய்க் குற்றச்சாட்டில் எகிப்தில் சிறைப்படுகிறார், பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்லி வெளிவருகிறார், வளமான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் களஞ்சியங்களில் சேர்த்துப் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் நாட்டைக் காக்கிறார். சிறைவாசி உணவுக் காப்பாளர் ஆகிறார் என்று சிறை ஊழியத்தை ஆதரிக்கும் மறைபோதகர்கள் இதைக் காட்டினால் அதில் வியப்பில்லை. கதையின் வரிசையோ அவர்களுக்கு முழுத் துணை நிற்பதில்லை: யோசேப்பு முதலில் விடுவிக்கப்படுகிறார், சவரம் செய்துகொண்டு உடைமாற்றி அரசன் முன் நிற்கிறார், அதன் பிறகே களஞ்சியம் அவர் கைக்கு வருகிறது. அதே நூலின் 47ஆம் அதிகாரம் வாசகர்கள் விரைந்து கடக்க விரும்பும் பகுதி. அங்கே அந்தத் தானியம் இலவசமாக வழங்கப்படவில்லை. பசித்த மக்கள் முதலில் பணத்தையும், பின்பு கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தங்கள் உடலையும் விற்றுப் பார்வோனின் அடிமைகளாகிறார்கள். சேமித்த உணவு எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில் பசித்தவரின் விடுதலையும் இருக்கிறது என்பதை விவிலியம் இங்கே எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் பதிவுசெய்கிறது.

பிறர் ஆணைக்குள் இருப்பவர் தானம் செய்ய இயலுமா என்ற கேள்வியை அதே சொற்களில் எழுப்பியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். அவருடைய பெரும் இறையியல் தொகுப்பில் தானத்தைப் பற்றிய வினாவின் எட்டாவது பிரிவு முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. துறவி, மனைவி, மகன், ஊழியர் ஆகியோரை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு அவர் தரும் விடை சுருக்கமானது: எந்தப் பொருளில் ஒருவர் மற்றவருக்கு அடங்கியிருக்கிறாரோ அந்தப் பொருளிலிருந்து மேலவரின் அனுமதியின்றி அவர் தானம் செய்ய முடியாது, எதில் அவர் அடங்கியிருக்கவில்லையோ அதில் அவர் தமக்குத் தாமே தலைவர், அதிலிருந்து தரலாம். பட்டினியால் சாகும் நிலை எதிரே நின்றால் மட்டும் இந்த எல்லைகள் தளர்கின்றன. அக்வினாஸின் கவலை கீழவர் மேலவரின் பொருளை எடுத்துத் தந்துவிடக் கூடாதே என்பது. சிறைப் பதப்படுத்தலில் நிலைமை தலைகீழானது, இங்கே மேலவரான அரசு கீழவரின் உழைப்பை எடுத்துத் தானம் தருகிறது. அவருடைய விதியைத் திருப்பிப் பிடித்தால் கிடைப்பது இது: சிறைவாசியின் உழைப்பு முழுவதும் அரசுக்கு உரியது என்றால், அந்த டப்பாக்கள் அரசின் தானம், சிறைவாசி அதில் ஒரு கருவி, அந்த உழைப்பில் ஏதேனும் ஒரு பகுதி அவருக்கு உரியது என்றால், அந்தப் பகுதி அவருடைய ஒப்புதலின்றித் தானமாக முடியாது. இரண்டு வழியிலும், மறுக்க இயலாத உழைப்பைச் சிறைவாசியின் தியாகம் என்று விளம்பரத் தாளில் அச்சிடுவதற்கு இடமில்லை.

இதைவிடக் கனிவான ஒரு விடை இஸ்லாமிய மரபில் இருக்கிறது. தமக்கு இடப்பட்ட ஆணையைக் குறைவின்றியும் மனமுவந்தும் நிறைவேற்றி உரியவரிடம் பொருளைச் சேர்க்கும் நம்பிக்கைக்குரிய கருவூலக் காப்பாளர், தர்மம் செய்யும் இருவருள் ஒருவராகக் கணக்கிடப்படுவார் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியின் தொகுப்பில் இடம்பெறுகிறது; ஒருவர் பெறும் நற்கூலி மற்றவருடையதைக் குறைப்பதில்லை என்ற விளக்கமும் அதை ஒட்டிய வேறொரு மொழியில் உண்டு. பொருள் அவருடையதன்று, முடிவும் அவருடையதன்று, ஆயினும் கை அவருடையது, மனம் அவருடையது என்பதால் அவர் ஈகையாளரின் வரிசையில் சேர்க்கப்படுகிறார். தேரவாத பௌத்தம் இதையே வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கிறது: புண்ணியச் செயல்களின் பத்து வகைகளில் தானம் ஒன்றாகவும், பிறருக்காக உடலுழைத்துச் செய்யும் ஊழியமாகிய வெய்யாவச்சம் தனியொன்றாகவும், பிறர் செய்யும் நன்மையில் மகிழ்ந்து பங்குகொள்ளும் அனுமோதனை இன்னொன்றாகவும் வைக்கப்பட்டுள்ளன. எனவே கொடுக்கப் பொருளில்லாதவருக்கும் புண்ணியத்தின் வாசல் அடைபடுவதில்லை. ஆனால் பௌத்தத்தில் செயலின் எடையைத் தீர்மானிப்பது சேதனை என்னும் உள்நோக்கம். தருவதற்கு முன்பும், தரும்போதும், தந்த பின்பும் மனம் மகிழ்ந்தும் தெளிந்தும் இருக்கிறதா என்பதே அளவுகோல். அந்த மூன்று பொழுதுகளிலும் சிறைவாசியின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை வெளியிலிருந்து எவரும் சொல்ல இயலாது. நன்னடத்தைக் குறிப்பும் முன்விடுதலை வாய்ப்பும் கண்முன் தொங்கும் இடத்தில் அவரே தம் மனத்தைச் சொன்னாலும் கேட்பவர் ஐயத்துடனேயே கேட்க வேண்டியிருக்கிறது, இது அவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி.

தமிழ் மரபில் சிறையும் பசியும் சந்திக்கும் இடம் மணிமேகலைக் காப்பியம். காவிரிப்பூம்பட்டினத்தில் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவம் கொண்டு அமுதசுரபி என்னும் அற்புதப் பாத்திரத்துடன் சிறைக்கோட்டத்துக்குள் செல்லும் மணிமேகலை அங்கே பசியால் வாடுவோருக்கு உணவளிக்கிறாள். காவலர் வழியாக இதையறிந்து அவளை அழைத்த சோழ மன்னன் மாவண்கிள்ளி வேண்டுவது யாது என்று கேட்க, அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்று அவள் கேட்டுப் பெறுகிறாள். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் ஒரு காதை முழுவதையும் இதற்கு ஒதுக்கியிருக்கிறார். சிறையை அறம் நிகழும் இடமாக மாற்றுவது என்ற எண்ணம் அமெரிக்கச் சீர்திருத்தவாதிகளுக்கும் உரியதே. 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறைச்சாலையின் பின்னால் குவேக்கர் சமயத்தாரின் கருத்துகள் இருந்தன, தனிமையும் அமைதியான கைத்தொழிலும் குற்றவாளியை மனந்திரும்பச் செய்யும் என்று அவர்கள் நம்பினார்கள். மணிமேகலையின் வேண்டுகோள் செல்லும் திசை வேறு. அவள் சிறைவாசிகளை உணவு படைப்பவர்களாக ஆக்கவில்லை, அவர்களை உண்பவர்களாகக் கண்டாள், கண்ட பின் அந்தச் சிறையே இல்லாமல் போக வேண்டும் என்று கேட்டாள். காப்பியத்தின் அற்புதப் பாத்திரம் உழைப்பின்றி நிறைவது என்பதால் உழைப்பு யாருடையது என்ற சிக்கல் சாத்தனாருக்கு எழவே இல்லை. அந்த வசதி தக்காளி டப்பாவுக்கு இல்லை. அந்தப் பாத்திரத்திலும் முதல் பிச்சை ஆதிரை என்னும் இல்லத்தரசி தன் மனையிலிருந்து விரும்பி இட்டதே என்பது மட்டும் கவனிக்கத் தக்கது.

மேலை மெய்யியலில் இந்தச் சிக்கலின் கூரிய முனை இம்மானுவேல் காண்ட்டிடம் இருக்கிறது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்று 1785இல் எழுதிய அவரை மனித மாண்பின் காவலராக மட்டும் அறிந்தவர்களுக்கு, 1797இல் வெளிவந்த அவருடைய உரிமைக் கோட்பாடு ஓர் அதிர்ச்சி. திருடியவர் எல்லோருடைய உடைமையின் உறுதியையும் குலைத்ததால் தமது உடைமையின் உறுதியையும் இழக்கிறார். ஒன்றுமில்லாத அவர் உயிர்வாழ வேண்டுமானால் அரசு உணவளிக்க வேண்டும். அரசு சும்மா உணவளிக்காது. ஆகவே அவர் தம் ஆற்றலை அரசு விரும்பும் வேலைக்கு ஒப்படைத்துக் குறிப்பிட்ட காலத்துக்கோ ஆயுளுக்கோ அடிமை நிலையில் இருக்கிறார் என்று அங்கே அவர் வாதிடுகிறார். வர்ஜீனிய நீதிமன்றம் 1871இல் சொன்னதற்கு இதைவிட ஒழுங்கான மெய்யியல் அடித்தளம் கிடைப்பது அரிது. ஆனால் 1797இலேயே வெளிவந்த அறப் பகுதியில் காண்ட் செல்வரின் கொடையைப் பற்றி எழுப்பும் ஐயம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: சிலர் கொடுக்கவும் பலர் பெறவும் நேர்வது பெரும்பாலும் அரசின் அநீதியால் விளைந்த ஏற்றத்தாழ்வின் விளைவென்றால், செல்வர் தருவது கொடை என்ற பெயருக்குத் தகுமா என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியை அரசையே கொடையாளராகக் கொண்டு கேட்டால் விடை இன்னும் கடினமாகும். 2016ஆம் ஆண்டின் கணக்குப்படி அமெரிக்க மாநிலச் சிறைகளில் இருப்பவர்களில் 47 விழுக்காட்டினர் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் பெற்றோர். சம்பாதித்தவர் சிறை சென்றதால் வருமானம் நின்றுபோன வீடுகள் உணவு வங்கியின் வரிசைக்கு வருவது எதிர்பார்க்கக்கூடியதே. தந்தை கூலியின்றி அடைத்த டப்பா அறநிறுவனத்தின் பெயர் தாங்கி மகளின் தட்டுக்குச் செல்லுமானால், அது அவர் கூலி பெற்றிருந்தால் தாமே வாங்கித் தந்திருக்கக்கூடிய உணவு. இடையில் அது தானம் என்ற வடிவம் எடுத்து, அவளைப் பெறுபவளாக்கிவிடுகிறது.

இந்த வாதங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் மிக வலுவானது பண்டைய ஸ்டோயிக் மெய்யியல் மரபினரின் குரல். அடிமையாகவே வாழ்வைத் தொடங்கிய எபிக்டெட்டஸ், உடலைக் கட்டலாம், தெரிவு செய்யும் உள்ளத்தைக் கடவுளாலும் கட்ட இயலாது என்று கற்பித்தார். அந்த நோக்கில், கட்டாயத்தின் பேரில் காய் நறுக்கும் ஒருவர் அந்தக் கட்டாயத்தைத் தம் விருப்பமாக ஏற்று, முகமறியாத ஒரு குழந்தைக்காக நறுக்குகிறேன் என்று நினைத்த அக்கணமே அது அவருடைய ஈகையாகிவிடுகிறது. ஆணையிட்டவரின் நோக்கம் அதைத் தொடாது. நாள் முழுவதும் பயனின்றிக் கழியும் சிறை வாழ்வில் இப்படிப்பட்ட வேலைக்கு விரும்பிப் பெயர் கொடுப்பவர்கள் இருக்கவே செய்வார்கள், அவர்களுடைய மனநிறைவை அடிமைத்தனத்தின் மயக்கம் என்று ஒதுக்குவது அவர்களை மீண்டும் ஒருமுறை பேச்சற்றவர்களாக்குவதாகும். இந்த அளவில் ஸ்டோயிக் விடை உண்மையானது. ஆனால் அது அடிமை தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ள உரிமையுள்ள உண்மை. எசமானர் அடிமையைப் பற்றி அதைச் சொன்னால் அது தத்துவம் என்ற நிலையிலிருந்து வசதியான சாக்காக இறங்கிவிடுகிறது. லூயிசியானாவில் 18,000 ஏக்கரில் பரந்த அங்கோலா சிறையின் வயல்களில் கொளுத்தும் வெயிலில் வேலை வாங்கப்படுவதை எதிர்த்து 2023இல் சிறைவாசிகள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியபோது, உள்ளத்தின் விடுதலையை எடுத்துரைத்து அவர்களுக்கு எவரும் விடை சொல்லியிருக்க முடியாது.

இத்தகைய வேலை குற்றத்துக்குக் கழுவாயாகும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது, அதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கடன் ஒருவருக்கு, செலுத்துவது மற்றொருவருக்கு என்பது இதன் குறை. டப்பாவைப் பெறும் குடும்பம் இந்தக் குற்றத்தால் எதையும் இழந்ததன்று. மனிதருக்கு இழைத்த தீங்குக்கு அந்த மனிதரையே அணுகி ஈடுசெய்து மன்னிப்புப் பெறாதவரை இறைவனிடம் செய்யும் மனமாற்றமும் நிறைவுறாது என்பது மைமோனிடீஸின் தீர்ப்பு. இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் குஜராத் மாநிலம் தொடர்ந்த வழக்கில் சென்ற வழி இங்கே ஒப்பிடத் தக்கது: கடுங்காவல் தண்டனையின் பகுதியாக வேலை வாங்குவது செல்லும், ஆனால் அதற்கு நியாயமான கூலி தர வேண்டும், அந்தக் கூலியின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று அது கூறியது. நடைமுறை அந்தக் கொள்கைக்கு எவ்வளவு தொலைவில் நின்றாலும், உழைப்பு முதலில் உழைத்தவருடையதாக்கப்பட்டு, பிறகே அதிலிருந்து கடன் கழிக்கப்படுகிறது என்ற வரிசை சரியானது.

ஈகைக்கும் அதே வரிசை பொருந்தும். கூலி கொடுத்தால் அது வெறும் வேலையாகிவிடும், கூலியின்மையே அதைத் தொண்டாக உயர்த்துகிறது என்று திட்டங்களை நடத்துவோர் சிலர் கருதக்கூடும். அக்வினாஸின் விதி காட்டுவது இதற்கு எதிரானதை. தமக்கென ஒன்றும் இல்லாதவர், நபிமொழியின் கருவூலக் காப்பாளரைப் போல, பிறரின் கொடையை மனமுவந்து நிறைவேற்றி அதில் பங்கு பெறலாம், தம்முடையதாக எதையும் தர இயலாது. திருக்குறளும் ஈகை அதிகாரத்துக்கு முன்னுள்ள ஒப்புரவறிதலில் முயன்று ஈட்டிய பொருளைப் பிறர்க்கு உதவுவதற்குரியதாகக் காண்கிறது. ஈட்டல் அங்கே உதவலுக்கு முன்னே நிற்கிறது. மணிக்கூலி பெறும் சிறைவாசி அதில் ஒரு பங்கையோ, வாரத்தில் சில மணி நேரத்தையோ உணவு வங்கிக்கு என்று எழுதிக்கொடுத்தால், அன்று அந்தத் தொழிற்கூடத்தில் முதன்முறையாகச் சிறைவாசி ஒருவரின் தானம் நிகழ்கிறது. எழுதிக்கொடாதவருக்கு நன்னடத்தைக் குறிப்பில் எதுவும் குறையக் கூடாது, எழுதிக்கொடுத்தவருக்கு எதுவும் கூடக் கூடாது; இந்த இரண்டாவது நிபந்தனையைக் காப்பதே அதிகாரிகளுக்குக் கடினம், ஏனெனில் நல்லதைக் கண்டால் பரிசளிக்க வேண்டும் என்ற அவர்களுடைய நல்லெண்ணமே அதைக் குலைத்துவிடும்.

உண்பவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த டப்பாக்களின் வரலாறு உண்பவரின் மனச்சான்றைத் தொடுமா என்றால், சந்தையில் விற்பதை மனச்சான்றின் பொருட்டு ஆராயாமல் உண்ணலாம் என்று கொரிந்து நகரக் கிறித்தவர்களுக்குப் பவுல் எழுதிய அறிவுரை இங்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும், பசித்தவரிடம் விசாரணை வைப்பது எந்த அறமும் ஆகாது. விசாரணைக்கு உரியது வேறொரு சட்டம். 1996இல் நிறைவேறிய பொதுநலச் சீர்திருத்தச் சட்டம், போதைப்பொருள் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அரசின் உணவு உதவியை ஆயுள் முழுவதும் மறுத்து, அந்தத் தடையை விலக்கிக்கொள்ளும் உரிமையை மாநிலங்களுக்கு விட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தத் தடையை நீக்கியோ தளர்த்தியோ விட்டன, சிறை வேலைக்குப் பெரும்பாலும் கூலி தராத ஏழு மாநிலங்களுள் ஒன்றான தென் கரோலினா அதை நெடுங்காலம் முழுமையாகக் கடைப்பிடித்தது. அத்தகைய ஓரிடத்தில், போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறை சென்று பல ஆண்டுகள் பிறருக்காகக் காய் நறுக்கியவர் விடுதலையாகி வேலை தேடும் மாதங்களில், அரசு அவருடைய பழைய தீர்ப்பைப் பார்த்து உணவு உதவியை மறுக்கும். பொதுவாகப் பெறுபவரின் குற்ற வரலாற்றைக் கேட்காத உணவு வங்கியே அவருக்கு எஞ்சும். அங்கே அவர் கையில் தரப்படுவது எந்தச் சிறையில் அடைக்கப்பட்டது என்று டப்பாவின் மேல் எழுதியிருப்பதில்லை.